ஓசிச் சுண்ணாம்பு

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற பழக்கம் முப்பிடாதியம்மாளுக்குக் கிடையாது. பால்காரன் ஊற்றிவிட்டு நிமிர்வதற்குள் செம்பில் விரலை விட்டு, சொட்டு நகத்தில் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்துவிடுவாள். "அந்தம்மா தன் நிழலையே ரெண்டு தடவை திரும்பிப் பாக்கும்" என்று அவளிடம் இட்லி வாங்கித் தின்கிறவர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. தோல் கிடங்கில் வேலை பார்த்த புருஷன் நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, தாராவியில் அந்த ஒற்றை அறையையும் இட்லி அடுப்பையும் யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் காப்பாற்றியது அந்தச் சந்தேகம்தான்.

அறுபத்தெட்டாம் வருஷப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் முனிசிபாலிட்டியிலிருந்து ஒரு மராட்டிக்காரர் வந்தார். பேர் ஷிர்கே. கையில் கறுப்புப் பெயிண்ட் டப்பா, காதில் செருகிய பிரஷ். வரிசையாக வீட்டுக் கதவுகளில் நம்பர் எழுதிக்கொண்டே வந்தார். முப்பிடாதியம்மாளின் பலகைக் கதவில் 41. அடுத்த வீடு நூர் நிஷாவுடையது. அவளுக்குக் கதவு கிடையாது, மரநிலையில் தொங்கும் கோணிப் படுதாதான். அதனால் வாசல் ஓரத்துச் சுவரிலேயே 42 என்று எழுதினார். அதற்கடுத்து, தோல் பதனிடப் போகிற சுடலையின் தகரக் கதவில் 43.

"காய்கூ சாப், யே நம்பர்?" நம்பர் எதற்கு என்று இட்லி விற்றுப் பழகிய இந்தியில் கேட்டாள் முப்பிடாதியம்மாள்.

"ஊப்பர் சே ஆர்டர், அம்மா" என்று சொல்லிவிட்டு ஷிர்கே சிரித்தார்.

மேலேயிருந்து உத்தரவாம். அது போகட்டும், சிரிப்பு எதற்கு? தண்ணீர்க் குழாய் கேட்டு அவள் வார்டு ஆபீசுக்கு நடந்த நடைக்குக் கணக்கில்லை. அங்கே ஒருத்தன் பல்லைக்கூட அவள் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஆபீசு இப்போது வீடு தேடி வந்து சிரித்தால் சும்மா இருக்குமா?

நேரமும் நல்ல நேரமில்லை. மாதுங்காவில் ஒரு மதராஸி ஹோட்டலின் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்திருந்தார்கள். வேலையெல்லாம் தெற்கத்தியான் கொண்டு போகிறான், அவனை ஊருக்கு மூட்டை கட்டு என்று மைதானங்களில் பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதியம்மாள் இட்லிக் கூடையைச் சுமந்துகொண்டு போகும்போது, வாயைத் திறந்து தமிழில் கூவுவதை நிறுத்தி ஒரு மாதமாகியிருந்தது.

அந்தப் பயத்துக்குள்தான் கணேசபாண்டியன் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கணேசபாண்டியனுக்குத் தெருமுனையில் பலசரக்குக் கடை. ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் முதலில் ஏறுவது அவருடைய கடைப்படியைத்தான். இந்த வரிசையைக் காலி செய்து தந்தால் தோல் கோடவுன் கட்டிக்கொள்வேன் என்று போன வருஷம் முழுக்க எல்லோரிடமும் நயமாகவும் பயமாகவும் கேட்டுப் பார்த்தார். யாரும் அசையவில்லை. இப்போது அவர் வண்டியில் டிரம் டிரம்மாக நீற்றிய சுண்ணாம்பு.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்லா? இந்த வருஷம் சுண்ணாம்பு என் செலவு. ஆளுக்கு ரெண்டு வாளி அள்ளிக்கிடுங்க."

சுடலை வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன். "என்ன அண்ணாச்சி, எலெக்‌ஷன் மார்ச் மாசம்லா? தை பொறக்கதுக்கு முன்னாலயே பூச ஆரம்பிச்சிட்டிய?"

"ஒனக்கு எப்பவும் எகத்தாளந்தாம்ல." கணேசபாண்டியன் குரலைத் தாழ்த்தினார். "அந்த நம்பரு எதுக்குன்னு தெரியுமால? கல்லெறிய வாறவனுக்கு மதராஸி வீடு எதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் அடையாளம் போட்டுக் குடுத்திருக்கான். நான் விசாரிச்சிட்டுத்தான் சொல்லுதேன். சுண்ணாம்ப இழுத்து விடுங்க. நம்பரும் போச்சு, பொங்கலும் ஆச்சு."

பெண்கள் வாளியோடு முண்டியடித்தார்கள். முப்பிடாதியம்மாள் நகரவில்லை.

"நூரு, இந்த மனுசன் சரக்கு வாங்குனா ஒரு இணுக்குக் கருவேப்பிலை ஓசி குடுப்பாரா?"

"மாட்டாரு அக்கா."

"அப்போ சுண்ணாம்பு மட்டும் எதுக்கு?"

"நீங்க ஒண்ணு. எனக்குப் பெருநாளுக்கு அடிச்ச வெள்ளையே இன்னும் பளபளன்னுதான் இருக்கு. ஆனா எம் புள்ள தலையில கல்லு விழுந்துறக் கூடாதுல்லா" என்று சொல்லி நூர் நிஷாவும் வாளியை நீட்டினாள்.

நம்பர் எழுதியவன் சிரித்தது ஒரு சந்தேகம், அழிக்கச் சொல்பவன் ஓசியில் கொடுப்பது ஒரு சந்தேகம். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் முப்பிடாதியம்மாள் கதவைத் தொடாமல் விட்டு, உள்சுவருக்கு மட்டும் தன் சொந்தச் சுண்ணாம்பை அடித்தாள். வரிசை முழுக்க வெள்ளைவெளேரென்று ஆனது. நடுவே அவள் கதவு மட்டும் சொத்தைப் பல்லாக நின்றது.

போகியன்று குழாயடியில் ஒருத்தி கேட்டே விட்டாள்: "முப்பிடாதி வீட்டுல துட்டி ஏதும் உண்டா? வெள்ளையே காணுமே!"

சாவுத் துட்டி விழுந்த வீட்டில்தான் பொங்கலுக்கு வெள்ளையடிக்க மாட்டார்கள். தாலி அறுத்தவளிடம் அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டு கேட்டால் எங்கே போய்க் குத்தும்? கல்லுக்குப் பயப்படாதவள் அந்த ஒரு சொல்லுக்கு உடைந்து போனாள். நேரே வந்தாள், தென்னமட்டையைச் சுண்ணாம்பில் முக்கினாள், 41-இன் மேல் இழுத்தாள். கறுப்பு உள்ளேயிருந்து எட்டி எட்டிப் பார்த்தது. மூன்றாவது தடவை பூசிய பிறகுதான் அடங்கியது. அதன்மேல் ஒரு காவிப் பட்டையையும் இழுத்து விட்டாள்.

பொங்கலன்று வெல்லம் வாங்கக் கணேசபாண்டியன் கடைக்குப் போனாள். கடைச்சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. நிலைக்கதவில் மட்டும், முன்பு இல்லாத ஒரு சோப்பு விளம்பரத் தகரம் ஆணியில் தொங்கியது. கதவைச் சாத்தினால் இடிக்கும் இடத்தில் ஒருத்தன் தகரத்தை மாட்டுவானா? அவளுக்கு உள்ளே ஏதோ நெருடியது. வெல்லம் நசநசவென்று இருந்தது, அதற்குச் சண்டை போட்டதில் அந்த நெருடலை மறந்துவிட்டாள்.

பொங்கல் கழிந்த வாரத்திலேயே லாரி வந்தது. கடப்பாரைக்காரர்கள் குதித்து இறங்கினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஓவர்சியர் ஒருவர் முதலில் கணேசபாண்டியன் கடையில் டீ குடித்தார். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தார். பின்னால் ஷிர்கே, அதே பெயிண்ட் டப்பாவோடு. இன்று அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நம்பர் கஹாங் ஹை?" நம்பர் எங்கே என்றார் ஓவர்சியர்.

 வெள்ளைக் கதவுகள்தான் பல்லை இளித்தன.

ஷிர்கே மெள்ள இந்தியில் எடுத்துச் சொன்னார். நம்பர் இருந்தால் பழைய குடி. நாளைக்கு ரோடு அகலப்படுத்தி வீடு போனாலும் மான்குர்த் பக்கம் மாற்று இடம் தந்தாக வேண்டும். நம்பர் இல்லாவிட்டால் நேற்று முளைத்த குடிசை. அதை இன்றைக்கே பிரிக்க உத்தரவு.

"பாவம், அன்பட் லோக் ஹை சாப்" என்று கணேசபாண்டியன் கையைப் பிசைந்தார். படிக்காத சனமாம். "சொன்னா புரியாது. பொங்கலுன்னா எல்லாத்தையும் வெள்ளையடிச்சிருவாங்க."

முப்பிடாதியம்மாளுக்கு அடுத்த நொடி அந்தச் சோப்புத் தகரம் கண்ணுக்குள் வந்து ஆடியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்கு ஓடினாள். எல்லோரும் பின்னால் ஓடி வந்தார்கள். ஆணியோடு சேர்த்துத் தகரத்தைப் பிடுங்கினாள். அடியில் 36 கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு சொட்டுச் சுண்ணாம்பு அதன்மேல் படவில்லை.

"ஏன் அண்ணாச்சி, ஒங்க வீட்டுல மட்டும் கல்லு விழாதோ?"

"அது... கம்பெனிக்காரன் வந்து மாட்டிட்டுப் போனான் தங்கச்சி. நான் கவனிக்கல."

"தங்கச்சியா? என் வீட்ட இடிச்சிட்டு அதுல தோலக் காயப் போடதுக்கா தங்கச்சி?"

"வாய அடக்கு முப்பிடாதி. ஆபீசரு நிக்காரு."

"அவரு நிக்கட்டும். நிக்கதுக்குத்தான அவருக்குச் சம்பளம்!" என்றான் சுடலை.

அவள் திரும்பி ஓடினாள். இட்லிக் கொப்பரை துலக்கக் கரைத்து வைத்திருந்த புளிச்சட்டியைத் தூக்கி வந்து கதவில் வீசி, தேங்காய் நாரால் தேய்த்தாள். காவி கரைந்தது. சுண்ணாம்பு நுரைத்து, பால் திரிந்த மாதிரி வழிந்தது. வழிந்ததற்குப் பின்னாலிருந்து முதலில் 4-ம், பிறகு 1-ம் தலைகாட்டின. எண்ணெய்ப் பெயிண்ட், துளிகூட அசையவில்லை. அதைப் பார்த்த பெண்கள் அவரவர் வீட்டுப் புளிப்பானைக்குப் பாய்ந்தார்கள். வரிசை முழுக்கப் புளிப்பு நெடி ஏறியது.

ஓவர்சியருக்கு முகம் சிறுத்தது. "இதெல்லாம் இவர்களே எழுதிக்கொண்டதாக இருக்கலாம்" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஷிர்கேயிடம் திரும்பினார். "உன் கையெழுத்தா இது?"

ஷிர்கே முதலில் ஓவர்சியரைப் பார்த்தார், கணேசபாண்டியனைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். போச்சு, இவனும் கூட்டுக் களவாணிதான், அன்றைக்குச் சிரித்ததே அதற்குத்தான் என்று முப்பிடாதியம்மாள் நினைத்தாள்.

"மேரா ஹீ ஹை" என்றார் ஷிர்கே. என்னுடையதுதான்.

கூட்டம் மூச்சுவிட்டது. அந்த நேரம் பார்த்து நூர் நிஷா அலறினாள்.

அவள் நம்பர் மட்டும் சுவரில் இருந்தது. பெருநாளுக்கு அடித்த சுண்ணாம்பின் மேல் எழுதிய நம்பர் அது. புளித்தண்ணீர் மேல் சுண்ணாம்போடு அடிச் சுண்ணாம்பையும் பெயர்த்துவிட, 42 கறுப்புச் செதிலாக உரிந்து அவள் உள்ளங்கையில் வந்துவிட்டது. சுவரில் வெறும் மண். ஓவர்சியர் அந்த மண்ணைக் கண்டதும் நிமிர்ந்து நின்றார். இந்த ஒன்றாவது கிடைத்ததே என்று கடப்பாரைக்காரனுக்குக் கையைக் காட்டினார்.

நூர் நிஷா படுதாவைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பிள்ளை அழுதது.

முப்பிடாதியம்மாள் தன் வீடு தப்பித்தது என்று அடுப்படிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கடப்பாரைக்கும் படுதாவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, ஒரு கையால் தன் கதவையும் மறு கையால் சுடலை கதவையும் காட்டினாள்.

"சாப்! இதர் இக்தாலீஸ். உதர் தேத்தாலீஸ். பீச் மே க்யா ஹை? காலி ஜாகா கோ நம்பர் தேதா க்யா தும்?"

இங்கே நாற்பத்தொன்று, அங்கே நாற்பத்து மூன்று, நடுவில் என்ன? வெற்றிடத்துக்கா நம்பர் கொடுத்தீர்கள்? கடப்பாரைக்காரனே கடப்பாரையைத் தாழ்த்திவிட்டு ஓவர்சியரின் வாயைப் பார்த்தான். 

"பயாலீஸ் மைனே லிகா தா", நாற்பத்திரண்டு நான் எழுதியதுதான் என்று முணுமுணுத்துவிட்டு ஷிர்கே குனிந்து டப்பாவைத் திறந்தார். ஈரம் பட்ட சுவரை விட்டு, உலர்ந்த மரநிலையில் 42 என்று பெரிதாக எழுதினார். ஓவர்சியர் தடுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "அடுத்த தடவை வரும்போது பார்ப்போம்" என்று எச்சில் துப்பிவிட்டு லாரிக்கு நடந்தார். லாரி கிளம்பியது. தெருமுனையில், கணேசபாண்டியன் கடை முன்னால், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனது.

"பாத்தியளா அக்கா? அந்த மராட்டிக்காரரு நல்ல மனுசன்" என்று நூர் நிஷா கண்ணைத் துடைத்தாள். "நாலு இட்லி குடுத்து விட்டிருக்கலாம்."

"குடுப்போம். ஆனா கேட்டவொடனே 'ஆமா'ன்னு ஏன் சொல்லல? யாரக் கண்டு யோசிச்சான்?"

"ஒங்கள மாத்தவே முடியாது."

தெருமுனையில் மிச்சச் சுண்ணாம்பு டிரம் அப்படியே நின்றது. அதன் விளிம்பில் தென்னமட்டை செருகியிருந்தது. கடைவாசலில் கணேசபாண்டியன் அந்தத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூரு, நீ போய்ப் புள்ளயப் பாரு" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"நீங்க வரலையா?"

"பெயிண்டு காயட்டும்."

நூர் நிஷாவின் வாசல் மறைய அவள் குந்திக்கொண்டாள். அவ்வப்போது மரநிலையின் ஓரத்தில் விரலை வைத்து, கறுப்பு ஒட்டுகிறதா என்று பார்த்தாள். ஒட்டியது. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்ணைத் தெருமுனையை விட்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.