சாய்ந்து நின்ற தக்காளிச் செடி

செடி ஒடிந்த காலையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் நானும் என் மருமகளும். சமையலறை ஜன்னலில் என் மனைவி. மதிலுக்கு அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்த தையல்காரர். மகன் குளியலறையில் இருந்தான். அவனைச் சேர்க்க வேண்டாம்.

அது மருமகள் வளர்த்த தக்காளிச் செடி. பக்கக் கிளைகளைக் கிள்ளி, பூக்களை உதிர்த்து, உச்சியருகே ஒரே ஒரு காயை மட்டும் விட்டிருந்தாள்.

"சத்து எல்லாம் அதுக்கே போகட்டும் மாமா."

காய் பச்சையாக இருக்கும்போதே என் இரண்டு கைக்கும் அடங்கவில்லை. தோட்டக்காரர் சங்கத்தின் எடைப் போட்டிக்கு எங்கள் வீட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கனத்தில் செடி ஒரு பக்கம் சாய்ந்தது. காய்க்கு அடியில் துணித் தொட்டில் கட்டி, அவள் அதைச் சாய்ந்தபடியே விட்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டில் எதுவும் சாய்ந்து நின்றதில்லை, நான் உட்பட. நிமிர்த்திக் கம்போடு சேர்த்து இறுக்கினேன். சடக்கென்றது. தண்டு பாதிக்குமேல் பிளந்து, காயோடு தோலில் தொங்கியது.

மதில்மேல் தையல்காரரின் தலை எழுந்தது. "என்ன ஐயா சத்தம்? செடியா, உங்க முதுகா?"

நான் வாய் திறப்பதற்குள் மருமகள் சொன்னாள்: "காத்துல ஒடிஞ்சிடுச்சு அண்ணா. கொஞ்சம் நாடா குடுங்க, சீக்கிரம்."

தையல்காரர் உள்ளே ஓடி நாடாவோடு வந்தார்.

"மாமா, தூக்கிப் பிடிங்க. ஆடக் கூடாது."

"ஆடாம நிக்கிறதா? அவருக்கு வேற என்ன தெரியும்!" என்றாள் ஜன்னலில் இருந்தவள்.

பிளவைப் பொருத்தி, இருபுறமும் குச்சி வைத்து, மருமகள் நாடாவைச் சுற்றினாள். பாதி இலைகளை வெட்டினாள். பழைய போர்வையால் நிழல் கட்டினாள். மூன்று நாள் செடி துவண்டு கிடந்தது. விடிந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்த்தேன். நான்காம் நாள் இலைகள் நிமிர்ந்தன. என்னை அவள் ஒரு சொல் சொல்லவில்லை. என் மகனிடம்கூடச் சொல்லவில்லை.

போட்டி நாளில் பழம் தொள்ளாயிரத்துப் பத்து கிராம் நின்றது. இரண்டாம் இடம். செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "காத்துல ஒடிஞ்ச செடியை நீங்களே கட்டிப் பிழைக்க வெச்சீங்களாமே! தெருவே பேசுது."

இந்த வீட்டின் மானத்தை இத்தனை வருடமும் நானே காப்பதாக நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் வந்து நின்று அதைக் காத்தவளுக்கு நான் கடமைப்பட்டவன். ஆகவே அங்கே எல்லோர் முன்னும் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அன்று காற்று அடிக்கவில்லை. ஒடித்தவன் நான். கட்டியவள் என் மருமகள்.