கடைசி சீட்டுக் கூத்து

டிரைவருக்கு உலகமெல்லாம் ஒரு முழ நீளக் கண்ணாடிக்குள் அடக்கம். தலைக்கு மேல் தொங்கும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தே, யார் டிக்கெட் வாங்காமல் நழுவப் பார்க்கிறான், எந்தப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மிச்சம் இரண்டைப் பற்றி அவர் பேசுவதில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் மகளும் அவருடைய பஸ்ஸில்தான் ஏறுவாள். எட்டாம் வகுப்பு. கூடவே இரண்டு தோழிகள். ஒருத்தி நெட்டை. இன்னொருத்தி சுருட்டை முடிக்காரி, அவளைப் பஞ்சு என்பார்கள். மூன்றும் ஒட்டிப் பிறக்காத குறைதான். கடைசி சீட்டை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கண்டக்டர் சொல்லுவார்.

முதல் பரீட்சையில் மகள் அறிவியலில் நாற்பத்தெட்டு வாங்கினாள். ஆண்டுப் பரீட்சையில் அறுபது வராவிட்டால் அடுத்த வருஷமும் இதே எட்டாம் வகுப்புதான் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் எட்டாம் வகுப்பில் கோட்டை விட்டவர்தான். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கூட்டாளிகளோடு ஊர் சுற்றிக் கெட்டேன் என்பது அவர் கட்சி. அந்தக் கூட்டாளிகளில் ஒருவன் இன்று டாக்டர் என்பதை வசதியாக மறந்துவிடுவார்.

இந்த லட்சணத்தில், மறுவாரமே கடைசி சீட்டில் கூத்து ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால், நெட்டை எழுந்து மகளின் தலையில் குட்டுகிறாள். மகள் ஜன்னலோரத்தை விட்டு நடுவில் வந்து உட்காருகிறாள். பஞ்சு கைகொட்டிச் சிரிக்கிறாள். அடுத்த ஸ்டாப்பில் பஞ்சுவுக்குக் குட்டு விழுகிறது. இன்ஜின் சத்தத்தில் பின்னால் பேசுவது ஒரு வார்த்தை முன்னால் கேட்காது.

"நாப்பத்தெட்டு வாங்கிட்டு இப்படி ஒரு கும்மாளமா?" என்று வீட்டில் பிடித்துக்கொண்டார்.

"நாங்க படிக்கிறோம்ப்பா."

"பஸ்ஸுல குத்துச்சண்டை போடறதுக்குப் பேரு படிப்பா? எல்லாம் நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன். நாளையிலேருந்து என் பின்னாடி சீட்டு. அதுங்க கூடப் பேச்சு வச்சுக்கக் கூடாது."

மகள் அழுது பார்த்தாள். மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பதாகச் சொல்லி, அன்று இரவே சாப்பிட்டாள். அப்புறம் முன் சீட்டில் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தலை குனிந்தபடி வரத் தொடங்கினாள். கண்ணாடியில் அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க டிரைவருக்கு மனசு குளிர்ந்தது. மாதப் பரீட்சை வந்தது. முப்பத்தொன்று.

"தலை குனிஞ்சிருந்தா படிக்கிறாள்னு அர்த்தமா? தூங்கினாலும் தலை குனியத்தான் செய்யும்," என்றாள் மனைவி. அவள் தைப்பது தையல் மிஷினில். ஆனால் சில நேரம் ஊசியை வாயிலும் வைத்திருப்பாள்.

மறுநாள் மகளுக்கு ஜலதோஷம், பள்ளிக்கூடம் போகவில்லை. வண்டி வேறு மக்கர் பண்ணியது. டிரைவர் அதை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு, சாதாரணச் சட்டையில், வேறு பஸ்ஸில் கடைசிக்கு முந்தைய சீட்டில் உட்கார்ந்து வீடு திரும்பினார். வழியில் நெட்டையும் பஞ்சுவும் ஏறி அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். காக்கிச் சட்டை இல்லாத டிரைவரை யார் கண்டுகொள்கிறார்கள்?

"ஸ்டாப் வர்றதுக்குள்ள சொல்லு. இதயத்துல எத்தனை அறை?" என்றாள் நெட்டை.

"நாலு."

"சரி. அடுத்தது அவளோட கேள்வி. செரிமானம் எங்க ஆரம்பிக்குது?"

யாரும் பதில் சொல்லவில்லை. டிரைவர் மெல்லத் தலையைத் திருப்பினார். இருவரும் ஒட்டி உட்கார்ந்து, ஜன்னலோரத்தை மட்டும் மகளுக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். பஞ்சு அந்தக் கேள்வியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இதை அவகிட்ட குடுத்துடலாம். நாம ரெண்டு பேரும் ஒம்பதாவது போய் அவ மட்டும் இங்கயே இருந்தா எனக்குப் பிடிக்காது," என்றாள்.

"நாப்பத்தெட்டு வந்ததுக்கப்புறம்தானே இந்த விளையாட்டையே ஆரம்பிச்சோம். பாதியில அவங்கப்பா வந்து கெடுத்துட்டாரு."

கெடுத்த மனிதருக்குக் காது சுட்டது. குட்டு என்றால் தப்பான பதில், ஜன்னலோரம் என்றால் பரிசு. கண்ணாடியில் கண்ணால் பார்த்த பாடத்தைத் தானே கலைத்திருக்கிறார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்த்தான் இறங்கினார்.

அடுத்த நாள் சாயங்காலம் பள்ளிக்கூட ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க மூணு பேரும் இங்க, எனக்குப் பின்னாடி வாங்க. எனக்கும் காதுல விழணும்."

"திட்டுவீங்களா மாமா?" என்றாள் நெட்டை.

"தப்பு என் மேலதான். கேள்வியைக் கேளுங்க."

மகள் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, சும்மா இருப்பாளா, முதல் கேள்வியை அவர் பக்கமே தள்ளினாள். செரிமானம் எங்கே ஆரம்பிக்கிறது? வயிற்றில் என்றார். வாயில்தான் என்று மூன்று பேரும் கத்தினார்கள். ஓட்டுகிற தலையில் குட்டினால் வண்டி ஆடும். அதனால் அவருக்குரிய குட்டுகளைக் கண்டக்டர் வாங்குவது என்று முடிவாயிற்று.

"அண்ணே, புண்ணியமாப் போகும், கொஞ்சம் படிச்சுட்டு வாங்க," என்று கண்டக்டர் தலையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் ஒரு நாள், ஒலி எதில் வேகமாகப் போகும் என்ற கேள்வி வந்தது. காற்றில் என்றாள் மகள். இரும்பில் என்றார் டிரைவர், யோசிக்காமல்.

"மெக்கானிக் இன்ஜின்ல ஸ்குரூ டிரைவரை வச்சு, பிடியைக் காதுல வச்சுக் கேப்பாரு. உள்ள என்ன கோளாறுன்னு பளிச்சுனு தெரியும். காத்துல அப்படிக் கேக்குமா?"

அன்றிலிருந்து அவருக்கு மவுசு. பிரேக் ஏன் சூடாகிறது, வெயிலில் டயர் ஏன் வெடிக்கிறது என்று பாதிப் புத்தகம் வண்டிக்குள்ளேயே கிடந்தது. மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள்கூட இறங்க மறந்து பதில் சொன்னார்கள். கண்டக்டரையும் கேள்வி விடவில்லை.

ஆண்டுப் பரீட்சை முடிந்து, மார்க் வந்த நாளில் மூன்று பேரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஏறினார்கள். டிரைவருக்கு ஸ்டியரிங் வழுக்கியது. மகள் விடைத்தாளை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அறுபத்தெட்டு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பஸ்ஸே பார்த்தது, அவர் வெட்கப்படவில்லை. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"இருங்க மாமா, உங்க மார்க் இருக்கு," என்று பஞ்சு ஒரு நோட்டைப் பிரித்தாள். "ஆளுக்கு நூறு கேள்வி கேட்டிருக்கோம். கண்டக்டர் மாமா முப்பது, ஃபெயில். நீங்க அறுபத்தொண்ணு."

கண்டக்டர் மறுதேர்வு கேட்டார். டிரைவர் வண்டியை எடுத்தார்.

வீட்டில் மகளின் மார்க்கை மனைவியிடம் நான்கு தடவை சொன்னார். சாப்பிட்டார், கை கழுவினார், துண்டில் துடைத்தார். பிறகு அவள் பக்கத்தில் வந்து, பொண்ணுக்குக் கேட்காமல் சொன்னார்:

"நானும் பாஸு."

"எதுல?"

"எட்டாங்கிளாஸ்ல."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, அவர் தலைமுடியைக் கோதிவிட்டாள்.