கண்ணுக்குத் தெரியாத மை

மொத்த வியாபாரி எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கைப்பையிலிருந்து விரிசல் விட்ட ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தண்ணீர் பம்புக்குள் சுழல்கிற சக்கரம். வீட்டுக்குப் பின்னால் உள்ள பட்டறையில் நானும் என் மனைவியும் செய்வது அதைத்தான். எங்கள் சரக்கில் முக்கால்வாசி அவர் கடைக்குத்தான் போகிறது.

"ஒரு அடுக்குமாடியே தண்ணியில்லாம என்னைத் திட்டித் தீத்துருச்சு. இது உங்களுதா, போலியா? போலின்னா செஞ்சவன நான் பாத்துக்கறேன். உங்களுதுன்னா, நான் எந்த நம்பிக்கையில இனிமே ஆர்டர் குடுக்கறது?"

"இருங்க, டார்ச்ல பாத்துட்டு வரேன்" என்று சக்கரத்தோடு பட்டறைக்குள் போனேன்.

முன்பெல்லாம் கறுப்பு மையில்தான் பேரும், வாரத்துக்கு ஒன்றாக மாறும் பெட்டி எண்ணும் அச்சடித்தோம். அதை அப்படியே காப்பியடித்து ஊரெல்லாம் போலி முளைத்தது. அப்போதுதான் என் மனைவி, கையில் பிடித்து அச்சடிக்கிற எங்கள் மெஷினுக்கு வெறும் கண்ணுக்குத் தெரியாத மை வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊதா வெளிச்சம் அடிக்கிற டார்ச்சில் மட்டும்தான் அது தெரியும். அதிலும் நான் மலிவாக ஒன்று வாங்கிவர, ஒரே நாள் நனைந்ததும் அழுத கண்மை மாதிரி கலைந்துபோனது. பிளாஸ்டிக்கைக் கவ்விக்கொண்டு நொடியில் காய்கிற மையை அவளே தேடிப்பிடித்தாள். அந்த மை மெஷினின் வாயிலும் நொடியில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மூடி போட நான் மறந்த நாளெல்லாம் அவள் அதை விரலால் துடைத்துக்கொண்டே எனக்கு அர்ச்சனை செய்வாள்.

பட்டறை மேசைக்கு அடியில், இருட்டில் குனிந்து டார்ச்சை அடித்தேன். எழுத்து பளிச்சென்று நீலமாகத் தெரிந்தது. எங்கள் சக்கரம்தான்.

அவளும் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"நம்மளுது இல்லன்னு சொல்லிடலாமா?" என்று கிசுகிசுத்தேன். "அவர்கிட்ட ஏது டார்ச்?"

அவள் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. சக்கரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாதக்கணக்கில் தண்ணீருக்குள் சுழன்று மணலில் உரசிய சக்கரம். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏங்க, ஒரு எழுத்துகூட அழியல பாத்தீங்களா!"

கப்பல் கவிழ்கிற நேரத்தில் பெருமைப்பட இவளால்தான் முடியும்.

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா? நம்ம சரக்க நாமளே இல்லங்கறதுக்கா இவ்வளவு பாடுபட்டு மை தேடினேன்?"

கதவருகே போய், "அண்ணே, உள்ள வாங்க, இது எங்களுதுதான்" என்று கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி அழைத்தாள். அவரையும் குனிய வைத்து, வெளிச்சம் புகாமல் மேசைமேல் ஒரு போர்வையை இழுத்துவிட்டாள்.

"தெரியுதா? இந்த எண் போட்ட பெட்டி எத்தன வெச்சிருந்தாலும் திருப்பி அனுப்பிடுங்க. அந்த வாரம் பிளாஸ்டிக் சரியில்ல போல. எல்லாத்தையும் புதுசா செஞ்சு தரோம்."

ஒரு வார உழைப்புக்கு அவள் பாட்டுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மறைப்பானேன், இவள் என் பெண்டாட்டி என்று மீசையை முறுக்கிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது.

வியாபாரி அந்த நீல எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் கைப்பையைத் தரையில் கவிழ்த்தார். உடைந்த சக்கரங்கள் இன்னும் நாலைந்து உருண்டன.

"இதுல எது உங்களுது, எது போலின்னு நீங்களே சொல்லுங்க தங்கச்சி. நீங்க சொன்னா சரி."

நான் டார்ச்சைப் பிடித்தேன். அவள் முதல் சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் நீட்டினாள். அதில் ஒன்றுமில்லை, இருண்டே கிடந்தது. அதைப் பிடித்திருந்த அவள் விரல் நுனிகள் அத்தனையும் நீலமாக மின்னிக்கொண்டிருந்தன.