முதல் கீரை

…துருவாகத்தான் இருக்கும், தகரம் என்றால் துருப்பிடிக்காமலா இருக்கும், அதுவும் காலையிலும் சாயங்காலமும் தண்ணீரில் முங்கி எழுகிற தகரம், ஆனால் துரு இப்படிப் பளிச்சென்று இருக்காது, துரு விரலில் பொடியாக ஒட்டும், இது ஒட்டவில்லை, நகத்தால் சுரண்டினால் சீவல் சீவலாக வருகிறது, இது சாயம், சிவப்புச் சாயம், விரலகலக் கோடு, தகரத்தைச் சுற்றிப் போகிறது போலிருக்கிறது, மீதியைத் தார் மூடியிருக்கிறது. அங்கம்மா தகரத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு லயத்து வீட்டின் பின்படியில் உட்கார்ந்திருந்தாள். செடிக்குத் தண்ணீர் தெளிக்க அடியில் ஆணியால் போட்ட ஓட்டைகளில் மண் அடைத்திருந்தது, அதைக் குத்தி எடுக்கலாம் என்றுதான் எடுத்தாள், வேறொன்றுக்குமில்லை. வெயிலில் கிடந்த தகரம், பிடித்த இடத்தில் தார் இளகி உள்ளங்கையோடு வந்துவிட்டது, வந்த இடத்தில் சிவப்பு. சிவப்புக் கோடு போட்ட தகரம் எதற்கு என்று இந்தத் தோட்டத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். லாலாங் புல்லைச் சாகடிக்கிற மருந்து அதில்தான் வருகிறது. அதில் தண்ணீர் மொள்ளக் கூடாது, காலியானதும் மிதித்து நசுக்கிக் குழியில் போட்டு மூட வேண்டும் என்று காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது கணக்கெழுதுகிற கிராணி தமிழில் ஒரு தடவையும் மலாயில் ஒரு தடவையும் கத்தினான். நசுக்குகிற வேலை மருந்தடிக்கிற கும்பலுக்கு. அந்தக் கும்பலில் அவள் புருஷன் சபாபதியும் ஒருவன்.

சீனன் கடையில் வாங்கினேன் என்றான், அவளும் நம்பினாள், நம்பினாளா… ரப்பர் விலை விழுந்ததிலிருந்து பாதி வேலைதான், இப்போது இலையுதிர் காலம் வேறு, மரமெல்லாம் மொட்டையாக நிற்கிறது, பால் வெட்டு நிறுத்தம், தரையெல்லாம் சருகு, நடந்தால் யாரோ பின்னால் வருகிற மாதிரிச் சத்தம். லயத்துக்குப் பின்னால் இருக்கிற நிலத்தை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள், காய்கறி போட்டுத் தின்னுங்கள் என்று துரை சொன்னார், சம்பளம் கேட்காதீர்கள் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அடுத்த நாளே காஹாங் கடைத்தெருவில் மருந்துக்குக்கூட ஒரு காலித் தகரம் இல்லை, தண்ணீர் ஊற்ற எல்லாரும் அலைந்தார்கள். யாருக்கும் கிடைக்காத தகரத்தை இவனுக்கு மட்டும் எந்தச் சீனன் கொடுத்தான், அன்றைக்கே கேட்டிருக்கலாம், தார் எதற்கு என்று மட்டும் கேட்டாள், துருப்பிடிக்காதுடி என்றான், சரி என்றாள். அவளுக்கு என்ன தெரியும், இந்த லயத்திலேயே பிறந்தவள், பால்மரத்தைத் தவிர எதுவும் முளைத்துப் பார்த்ததில்லை. தண்டுக்கீரை விதை மணலைவிடப் பொடியாக இருந்தது, இதிலிருந்து என்ன வரும் என்று சிரித்தாள், மண்ணைப் பிளந்துகொண்டு வந்தபோது நாலு பேரும் குந்தி உட்கார்ந்து வாயைத் திறந்து பார்த்தார்கள். தோட்டத்து வாத்தியாரையும் ஆள் குறைப்பில் அனுப்பிவிட்டார்கள், பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் தனமும் அர்ச்சுனனும் பகலெல்லாம் பாத்தியிலேயே கிடந்தார்கள், அர்ச்சுனனை வரப்பில் நிறுத்தி ஒன்றுக்குப் போகச் சொல்வான் சபாபதி, அது உரமாம், பயல் அடக்கி வைத்துக்கொண்டு ஓடிவருவான், அக்கா செடிக்கு இல்லை என் செடிக்குத்தான் என்று. இவ்வளவு நன்றாக ஒரு வெயில் காலம் அவர்களுக்கு வாய்த்ததில்லை. வயிறு காய்ந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. முதல் பாத்தி கருகிப் போனதே… முளைத்து இரண்டு இலை விட்டதும் நெருப்பில் காட்டின மாதிரி சுருண்டதே… வெயில் என்றான். இரண்டாவது பாத்தி வந்தது, இலை ஓரம் மட்டும் பழுப்பு, அதுவும் வெயில். தகரம் வைக்கிற மூலையில் லாலாங் மஞ்சளாகிக் கிடக்கிறது, இந்த வெயிலில் எந்தப் புல் பச்சையாக இருக்கிறது?

காலையில் அந்தப் பழுப்பு ஓரங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் ஆய்ந்தாள். வெங்காயம் இல்லை, காய்ந்த மிளகாயும் உப்பும்தான், வீடே மணத்தது. முதல் கீரை பிள்ளைங்க தின்னட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் சபாபதி கிளம்பினான், மருந்துப் பம்பு தூக்கித் தூக்கித் தழும்பேறின தோளைத் தேய்த்துக்கொண்டு, நல்ல மனுஷன் என்று நினைத்தாள், அவளாகத்தான் அவன் தூக்குச்சட்டியில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு பிடி வைத்து மூடினாள், அவன் வெட்டின பாத்தி அல்லவா. மத்தியானம் பிள்ளைகளுக்குப் போட்டாள், அவள் கருவாட்டைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்தாள், கீரை கொஞ்சம்தானே. தனம் விரலைச் சூப்பிக்கொண்டு சொன்னாள், அம்மா கீரை உப்பா இருக்கு, நல்லாருக்கு. உப்பா இருக்கு… அவள் எவ்வளவு உப்புப் போட்டாள், ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகைதானே, இரண்டு தடவை போட்டிருப்பாளா, போட்டிருக்கலாம், பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவோடு பேசிக்கொண்டே போட்டிருக்கலாம், கடவுளே இரண்டு தடவை போட்டிருக்க வேண்டும். வேலை மேய்க்கிற தண்டல் காளியப்பனுடைய மாடு மருந்தடித்த புல்லைத் தேடித் தேடித் தின்றது, அது உப்புக் கரிக்குமாம், மாட்டுக்குப் பிடிக்குமாம், தின்றுவிட்டுத் தண்ணீர் தண்ணீரென்று வாய்க்காலுக்கும் கொட்டகைக்கும் அலைந்தது, வயிறு கழிந்தது, அப்புறம் கால் மடங்கிப் படுத்தது, கண் மட்டும் திறந்திருந்தது. மாடு பெரியது. அர்ச்சுனன் அந்த மாட்டின் ஒரு கால் அளவு இருப்பானா?

உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் போய்ப் பார்த்தாள், வந்தாள், மறுபடி போய்ப் பார்த்தாள். தனத்தின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள், மூச்சு வந்தது, சூடாக வந்தது, தூங்குகிற பிள்ளையின் மூச்சு சூடாகத்தானே இருக்கும். அர்ச்சுனன் வாயைத் திறந்து எச்சில் ஒழுகக் கிடந்தான், எப்போதும் அப்படித்தான், எப்போதும் இவ்வளவா? சட்டியில் கீரை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள், ராசம்மாவின் கோழி சருகைக் கிளறிக்கொண்டிருந்தது, அதன் முன்னால் மொத்தத்தையும் கொட்டினாள். கோழி தலையைச் சாய்த்துப் பார்த்தது, ஒரு கொத்து, அப்புறம் விடாமல் கொத்தியது. ராசம்மா முறத்தோடு வெளியே வந்தாள். “அலாமாக், எங் கோழிக்குக் கீரையா? பணக்காரியாயிட்டியாடி நீ?” “வாடிப்போனதுக்கா,” என்றாள் அங்கம்மா. “ஆக்கினதுல்ல அது, மொளகா கெடக்கு.” “பிள்ளைங்க மிச்சம் வச்சிருச்சுங்க.” “உம் புருஷன் தோட்டம் போட்டுட்டான், தகரம் வச்சிருக்கான், அடுத்தது தொர கிட்ட குதிர கேப்பான்,” ராசம்மா சிரித்தாள், முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள், “எங்கதாண்டி புடிச்சான் அந்தத் தகரத்த? எங்க வீட்டு ஆளும் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போயிட்டாரு, சொல்ல மாட்டேங்கிறான் லா.” அங்கம்மா தகரத்தைக் காலால் படிக்கு அடியில் தள்ளினாள். சத்தம் கேட்டது. ராசம்மா பார்த்தாளா, பார்த்த மாதிரிதான் இருந்தது, அவள் உள்ளே போன பிறகும் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. கோழி அலகைத் தரையில் தேய்த்துக்கொண்டு குட்டைத் தண்ணீருக்குப் போனது. கோழி தண்ணீர் குடிக்காதா என்ன, வெயிலுக்கு எல்லாக் கோழியும்தான் குடிக்கும். குடித்தது, தலையைத் தூக்கியது, மறுபடி குடித்தது. போதும், நிறுத்து சனியனே, போதும்.

ஆஸ்பத்திரி தூரமில்லை, பால் கொட்டகையைத் தாண்டினால் வெள்ளையடித்த கட்டடம், வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸர் மலையாளத்தான், மோசமான ஆளில்லை. ஆனால் கேட்பான், என்ன தின்றார்கள் என்று முதலில் அதைத்தான் கேட்பான். கீரை. எங்கே விளைந்த கீரை? எதில் தண்ணீர் ஊற்றினாய்? டிரெஸ்ஸரிடம் சொன்னால் கிராணிக்குத் தெரியும், கிராணிக்குத் தெரிந்தால் துரைக்குத் தெரியும். இதே லயத்து ஐயாசாமி தோட்டத்துக் கம்பி ஒரு சுருளைத் தூக்கிவந்து பாகல் கொடிக்குப் பந்தல் போட்டான், பிஞ்சு விடுமுன்பே அவன் குடும்பத்தை லாரியில் ஏற்றிவிட்டார்கள், குளுவாங்கில் ரயில், அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல், கப்பலில் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் வந்து சொன்னதில்லை. ஆள் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள், இவள் போய்த் தட்டில் வைத்துக் கொடுப்பாளா? அந்தப் பக்கம் இறங்கினால் யார் இருக்கிறார்கள், அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அதனால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். பொறுத்து எதைப் பார்ப்பது? கோழி விழுகிறதா என்றா, பிள்ளை விழுகிறதா என்றா? அவளுக்குத் தன் மேலேயே குமட்டியது. குமட்டுகிறதே, அவளுக்கும் குமட்டுகிறதே, ஆனால் அவள் தின்னவில்லையே, அப்படியானால் இது பயம்தான், வெறும் பயம். அப்போது உள்ளேயிருந்து அர்ச்சுனன் கூப்பிட்டான். அழவில்லை, சாதாரணமாகத்தான் கூப்பிட்டான். “அம்மா, வயித்த வலிக்குது. தண்ணி.”

அதற்குப் பிறகு யோசித்ததாக அவளுக்கு நினைவில்லை. பையன் இடுப்பில் இருந்தான், தனம் தூக்கக் கலக்கத்தில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு எங்கம்மா போறோம் எங்கம்மா போறோம் என்று வந்தாள், கால் சருகில் புதைந்தது, மொட்டை மரங்களுக்கு நடுவில் வெயில் தடையில்லாமல் விழுந்தது, லாரியில் ஏற்றினால் ஏறிக்கொள்ளலாம், கப்பலில் ஏற்றினால் ஏறிக்கொள்ளலாம், நாலு பேராக ஏற வேண்டும், அவ்வளவுதான். பால் கொட்டகை தெரிந்தது. கொட்டகைப் பாதையில் மருந்தடிக்கிற கும்பல் பம்புகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது, சபாபதி கடைசியில் வந்தான், மூக்கில் கட்டின துணி கழுத்தில் தொங்க, அவளைப் பார்த்ததும் நின்றான், மற்றவர்கள் தாண்டிப் போகும்வரை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“எங்க போற?”

“ஆஸ்பத்திரிக்கு. தகரத்துல செவப்பு இருக்குங்க.”

அவன் முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்தான். “கத்தாத. கழுவிட்டேன். சாம்பல் போட்டு, மண்ணு போட்டு, வாய்க்கால்ல ஊறப் போட்டுத்தான் கொண்டாந்தேன். ஒண்ணும் இருக்காது.”

“இருக்காதா? இல்லையா?”

“இல்லடி. மருந்து இருந்தா செடி மொளைக்குமா, நீயே சொல்லு.”

“மொதப் பாத்தி செத்துச்சே.”

“அது வெயிலு.” குனிந்து பையன் முகத்தைப் பார்த்தான். “டேய், கொய்யாப் பிஞ்சு தின்னியா? கள்ளப்பயலே, தின்னதான?” அர்ச்சுனன் தலையாட்டினான். அப்பா என்ன கேட்டாலும் அவன் தலையாட்டுவான். “பாத்தியா? கொய்யா. இதுக்குப் போயி டிரெஸ்ஸர் கிட்ட நின்னு, அவன் நோண்டி நோண்டிக் கேட்டு… ஐயாசாமி மாதிரி லாரி ஏறணுமா நாம?” பையனை அவள் இடுப்பிலிருந்து வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, தூக்குச்சட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, லயத்தின் பக்கம் நடந்தான்.

அவள் பின்னால் போனாள். மூச்சு இறங்கியது, கால் லேசானது, கொய்யாதான், நேற்றுக்கூட மரத்தடியில் நின்றானே, கழுவியிருக்கிறான், சாம்பல் போட்டால் எது போகாது, சாம்பலுக்கு எல்லாம் போகும், ராசம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், தகரத்தை இன்றைக்கே நசுக்கிப் புதைத்துவிடலாம், சிரட்டையால் தண்ணீர் ஊற்றலாம், கொஞ்ச நேரம் ஆகும் அவ்வளவுதான்… கையில் சட்டி கனத்தது. காலிச் சட்டி இப்படிக் கனக்காது. நடந்துகொண்டே மூடியைத் திறந்தாள். சோறு ஒரு பருக்கை இல்லை, வழித்துத் தின்றிருந்தான், கருவாட்டு முள்ளைச் சூப்பி ஓரத்தில் போட்டிருந்தான். கீரை அவள் காலையில் வைத்த இடத்திலேயே, அவள் விரல் அழுத்தின குழிகூட அப்படியே இருக்க, தொடப்படாமல் இருந்தது. பசி இல்லாத ஆள் இல்லை அவன். பம்பு தூக்கிவிட்டு வருகிறவன், கீரை என்றால் சட்டியை நக்குகிறவன், முதல் கீரை பிள்ளைங்க தின்னட்டும் என்று காலையில் வாசலில் நின்று சொன்னவன்.

அவள் நின்றாள். அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான், அர்ச்சுனனின் தலை அவன் தோளில் ஆடியது, தூங்கிவிட்டானா, இவ்வளவு சீக்கிரமாகவா? அந்த முதுகைப் பார்த்து ஒரு கூச்சல் போட வேண்டும் போலிருந்தது, பாவி, தெரிந்துதானே, தெரிந்துதானே நீ… வாய்வரை வந்தது. வந்த இடத்தில் நின்றது. மத்தியானம் நீ என்ன தின்றாய்? கஞ்சி. கருவாடு. கீரை கொஞ்சம்தான் இருந்தது, அதனால் தின்னவில்லை. கொஞ்சம்தான் இருந்ததென்றால் கோழிக்குக் கொட்ட அவ்வளவு எங்கேயிருந்து வந்தது? சிவப்பை அப்போது நீ பார்க்கவே இல்லையே, பார்க்காதவள் ஏன் தின்னாமல் விட்டாய்? பழுப்பு ஓரங்களைக் கிள்ளின விரல்களை எதற்கு அத்தனை தடவை கழுவினாய்? கோழிக்குப் போட்டுப் பார்த்தாயே, அதற்கு முன்னால்… அதற்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து யாருக்குப் போட்டுப் பார்த்தீர்கள்?

“என்னடி நின்னுட்ட?” என்றான் சபாபதி, திரும்பாமல். பக்கத்தில் தனம் அவள் புடவையை இழுத்தாள், எனக்கும் தண்ணி வேணும்மா என்றாள்.