காதில் சொன்ன பூ

முத்துக்கிருஷ்ணன் மேடையில் ஏறுகிற மேஜிக்காரன் இல்லை. பெட்டிக்குள் ஆளை வைத்து அறுப்பதும் தொப்பியிலிருந்து புறா எடுப்பதும் அவனுக்குத் தெரியாது. அவன் வேலையெல்லாம் பக்கத்தில் நின்று செய்வது. ரிசப்ஷனில் மாப்பிள்ளை பெண் வருவதற்குத் தாமதமானால் மேஜை மேஜையாகப் போவான். சீட்டுக்கட்டு, நாணயம், ரப்பர் பேண்ட், யாராவது கழற்றித் தருகிற மோதிரம், இவ்வளவுதான் அவன் சரக்கு. பார்க்கிறவரின் மூச்சு கையில் படும் தூரத்தில் நின்று அவர் கண்ணை ஏமாற்ற வேண்டும்.

திண்டுக்கல்லில் அப்படி ஒரு தொழில் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பந்தியில் கைகழுவிவிட்டு வருகிறவர்கள் ஈரக்கையோடு சீட்டை வாங்குவார்கள். சிலர் சீட்டை வாங்காமல் அவன் சட்டைக் கையை மடக்கிப் பார்ப்பார்கள். "எம் பொண்டாட்டிய மறைய வைப்பியா?" என்று ஒவ்வொரு மஹாலிலும் ஒரு மாமா கேட்பார். அந்தப் பகடியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பதுபோல் முத்துக்கிருஷ்ணனும் சிரிப்பான். சிரிப்பதும் கூலியில் சேர்ந்ததுதான்.

வேலை பிடித்துக் கொடுப்பவன் கிறிஸ்துராஜ். பலூன் தோரணம், பாப்கார்ன் வண்டி, டிஜே, மேஜிக் எல்லாம் அவனிடம் ஒரே பேக்கேஜில் கிடைக்கும். தை பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் அவன் போன் செய்தான்.

"அண்ணே, வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லு. ஹாஸ்டல் புள்ளைகளுக்குப் பொங்கல் விழா. மெஸ்ஸுல மேஜை மேஜையா பண்ணுனாப் போதும். போட்டோ நல்லா வரணும்ங்கிறாங்க. வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்களுக்கு அனுப்புவாங்களாம்."

மெஸ்ஸில் கரும்பு கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சேலை கொடுத்திருந்தது நிர்வாகம். நீள மேஜைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிறைய பேர் இருபதைத் தாண்டாத பெண்கள். சிலருடைய தலைமுடியில் பஞ்சுத்தூசி இன்னும் ஒட்டியிருந்தது. சுவரோரமாக வார்டன் அம்மாவும், கையைக் கட்டிக்கொண்டு ஒரு சூப்பர்வைசரும் நின்றார்கள்.

முத்துக்கிருஷ்ணனுக்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது. கல்யாண வீட்டுக் கூட்டம்போல அவனைச் சோதிக்கவில்லை. நாணயம் காணாமல் போனபோது மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார்கள். கிடைத்தபோது வாய்விட்டுக் கத்தினார்கள். கத்திய பிறகு வார்டன் முகத்தைப் பார்த்தார்கள்.

கடைசி மேஜையில் அவனுடைய பூ வித்தையை எடுத்தான். பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு ஒன்று வைத்திருந்தான். அதில் ஒரே ஒரு சீட்டைக் காலையிலேயே தலைகீழாகத் திருப்பி வைத்திருப்பதாகச் சொல்வான். யாராவது ஒருவர் மனதில் ஒரு பூவை நினைத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் அவன் காதில் சொல்ல வேண்டும். கட்டை விரித்தால் தலைகீழாக இருப்பது அந்தப் பூவாகத்தான் இருக்கும்.

"யாரு வாரீங்க?"

ஒருத்தியும் எழவில்லை. பிறகு ஒல்லியான ஒரு பெண் தானாக எழுந்து வந்தாள். பெயர் கேட்டான். தமிழ்மதி என்றாள். அவன் குனிந்து காதைக் காட்டினான்.

"அண்ணே, சிரிச்ச மாதிரியே இருங்க," என்றாள் அவள். "அகரத்துல எங்கப்பா ராமர்னு. வந்து என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. போனப் புடுங்கி வச்சுக்கிட்டாங்க. அந்தா நிக்கிறான்ல சூப்பர்வைசர், அவன் நைட் ஷிப்டுல கைய வைக்கிறான். வார்டன்கிட்ட சொன்னேன், என்னையத்தான் அடிச்சாங்க."

முத்துக்கிருஷ்ணனின் முகம் சிரித்தபடியே இருந்தது. பல வருஷப் பழக்கம். நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தான்.

"தமிழ்மதி என்ன பூ சொன்னாங்க தெரியுமா? கனகாம்பரம்!" என்று சொல்லிக் கட்டை விரித்தான். தலைகீழாக ஒரே ஒரு சீட்டு. இழுத்துக் காட்டினான். கனகாம்பரம்.

"அதத்தானே சொன்னீங்க?"

"ஆமாண்ணே," என்றாள் அவள். "எப்படிண்ணே?"

மெஸ்ஸே கைதட்டியது. சூப்பர்வைசரும் தட்டினான். போட்டோக்காரர், "இன்னொரு தடவை அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டுங்க," என்றார். தூக்கிக் காட்டினான். தமிழ்மதியும் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவி சூர்யகலாவிடம் சொன்னான். அவள் நாகல் நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பதற்றப்படாமல் யோசிக்கிறவள்.

"போலீசுக்குப் போறதா, பொம்பளைகளுக்குன்னு ஒரு ஹெல்ப்லைன் இருக்கே, அதுல சொல்றதா?" என்று கேட்டான்.

"பெத்தவங்களுக்குத் தெரியாம போலீசுக்குப் போனா நாளைக்கு நம்மளத்தான் கேப்பாங்க. அந்தப் புள்ளையும் அப்பாவத்தானே வரச் சொல்லிருக்கு. மொதல்ல அங்க போங்க."

மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு அகரத்துக்குப் போனான். டீக்கடையில் விசாரித்ததும் வழி சொன்னார்கள். ராமர் வெங்காயக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணனும் பங்காளி ஒருவரும் பம்புசெட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ராமரின் மனைவி சண்முகவள்ளி கொஞ்சம் தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ராமரைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் முத்துக்கிருஷ்ணன் நினைத்தான். அவர் தனியாக வரவில்லை.

"எதுனாலும் இங்கனயே சொல்லு தம்பி. இவுக என் கூடப்பொறந்தவுக."

சொன்னான். சூப்பர்வைசர் விஷயத்தை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னான். ராமர் மண்வெட்டிக் காம்பில் தாடையை ஊன்றிக் கேட்டார்.

"நீ யாருய்யா?" என்றார் முடிவில்.

"மேஜிக் பண்றவண்ணே. பங்ஷனுக்குப் போயிருந்தேன்."

"எம் மக உன்கிட்ட எப்படிச் சொல்லுச்சு?"

"காதுல சொன்னாங்கண்ணே. அது ஒரு வித்தை, ஒரு பூவோட பேர..."

"காதுலயா?"

பம்புசெட்டிலிருந்து ராமரின் அண்ணன் எழுந்து வந்தார். "வயசுக்கு வந்த புள்ள அந்நிய ஆம்பளை காதுல பேசுச்சா? எம்புட்டு நாளாத் தெரியும் அவள?"

"நேத்துதான் மொத தடவை பாத்தேன்."

"நேத்துப் பாத்த ஆளுகிட்டயா இதச் சொல்லுவா? பெத்தவன்கிட்டச் சொல்லாதத?"

"போனப் புடுங்கிட்டாங்கண்ணே. எப்படிச் சொல்லுவாங்க?"

ராமர் அதைக் காதில் வாங்கவில்லை. மடியிலிருந்து போனை எடுத்தார். என்ன செய்யப்போகிறார் என்று முத்துக்கிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, மில்லுக்குப் போன் போடாதீங்க. நேரா போய்க் கூட்டிட்டு வந்துருங்க. போன் போட்டா புள்ளைக்குத்தான் ஆபத்து."

"நீ சொல்லி நான் கேக்கணுமோ?"

ஸ்பீக்கரில் வார்டன் குரல் வந்தது. ராமர் உள்ளதை உள்ளபடியே கேட்டார். "அம்மா, எம் மக உங்க சூப்பர்வைசரப் பத்தி என்னமோ சொல்லிச்சாமே. மேஜிக் காட்ட வந்தானாமே, அந்தாளு வந்து நிக்கிறான்."

மறுமுனையில் வார்டன் ஒரு தாயைப்போலப் பேசினாள்.

"அய்யய்யோ, அவனா? அங்க வரைக்கும் வந்துட்டானா? அவன் மேல நாங்களே கம்ப்ளைன்ட் குடுக்கலாம்னு இருக்கோம்ங்க. வந்த இடத்துல புள்ளைகள ஒரசிக்கிட்டே நின்னான். வேணும்னே காதுகிட்ட வரச்சொல்லிப் பேச்சுக் குடுத்தான். உங்க பொண்ணும் சிரிச்சுச் சிரிச்சுத்தான் நின்னுச்சு, போட்டோவே இருக்கு. உங்க மனசு கஷ்டப்படும்னுதான் நான் சொல்லல."

ராமர் போனை வைத்துவிட்டு முத்துக்கிருஷ்ணனின் சட்டையைப் பிடித்தார். அண்ணன்காரர் செவிட்டில் ஒன்று வைத்தார். முத்துக்கிருஷ்ணன் கையை ஓங்கவில்லை, தடுக்கவும் தோன்றவில்லை. அவனுக்கு அப்போது இருந்த நினைப்பெல்லாம் வார்டன் போனை வைத்துவிட்டு எந்த அறைக்குப் போவாள் என்பதுதான்.

சண்முகவள்ளி களைக்கொத்தோடு வரப்பில் நின்றிருந்தாள். அவள் கண்கள் அவன்மேலேயே இருந்தன. "விடுங்க, போகட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

தாடிக்கொம்பு வரைக்கும் வந்து பைக்கை நிறுத்தி ஹெல்ப்லைனுக்குப் பேசினான். ஒரு பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். நீங்கள் அந்தப் பெண்ணுக்கு என்ன உறவு என்றும் கேட்டாள். உறவில்லை என்றான். மறுநாள் சாயங்காலம் அவளே திரும்பக் கூப்பிட்டாள். காலையில் விசாரிக்கப் போனார்களாம். அதற்குள் பெண்ணை அப்பா வந்து அழைத்துப்போய்விட்டாராம். மற்ற பெண்கள் யாரும் புகார் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களாம். "பொண்ணே அங்க இல்லையே சார், நாங்க என்ன பண்றது?" என்றாள் போனில்.

எப்படியோ வெளியே வந்துவிட்டாள் என்று அவன் ஆறுதல்பட்டுக்கொண்டான்.

கிறிஸ்துராஜ் இரண்டு நாள் கழித்து நேரிலேயே வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் நம்பலண்ணே. உங்கள எனக்குத் தெரியாதா? ஆனா மில்லுக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. அவங்க வீட்டு விசேஷம் அம்புட்டும் நம்மகிட்டதான் வருது. கொஞ்ச நாளைக்கு லேடீஸ் பங்ஷன், காலேஜு, ஸ்கூலு எதுவும் வேணாம். ஆறட்டும்."

"நான் என்ன தப்புப் பண்ணேன்னு ஆறணும்?"

"அது கெடக்கட்டும்ணே. அந்தப் பொண்ணு ஏன் உங்க காதுல பேசுச்சுன்னு கேக்குறாங்கல்ல? அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

அவன் போனதும் சூர்யகலா காபித் தம்ளரை எடுக்க வந்தாள். எடுத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள்.

"ஏங்க, அந்தப் பூ வித்தைக்குக் காதுலதான் சொல்லணுமா? ஒரு சீட்டுல எழுதிக் காட்டச் சொல்லக்கூடாதா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "சும்மா கேட்டேன்," என்றாள். அகரத்தில் வாங்கிய அடி இரண்டு நாளில் ஆறியிருந்தது. இது ஆறவில்லை. அவள் அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருக்கிறாள் என்பதை அவன் ஒவ்வொரு நாளும் கவனித்தான்.

கல்யாண மஹால்களில் அவன் நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றி வீடியோ எடுக்கிற மெஷின் ஒன்று வந்து நின்றது. முத்துக்கிருஷ்ணன் கடைத் திறப்பு விழாக்களுக்கும் மனை விற்கிறவர்கள் போடும் பந்தல்களுக்கும் போனான். பந்தல் வெயிலில் சீட்டு உள்ளங்கை வேர்வையில் ஒட்டியது. மனை பார்க்க வந்தவர்கள் வித்தை பார்க்க நிற்கவில்லை. நின்றவர்களுக்கும் அவன் செய்வதில் பழைய சுத்தம் இல்லை என்பது தெரிந்திருக்கும்.

ஆடி மாதம் ஒருநாள் பகல். ஒட்டன்சத்திரத்தில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போவதற்காகத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். பூ மார்க்கெட்டிலிருந்து காலிக்கூடையோடு ஒரு பெண் வந்து அவன் பக்கத்தில் நின்றாள். முதலில் அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, நாந்தான் தமிழ்மதியோட அம்மா," என்றாள் சண்முகவள்ளி.

"நல்லாருக்காங்களா?" என்று கேட்டான்.

"இருக்கா. அவிநாசிப் பக்கம் வேற ஒரு மில்லுல சேத்து விட்டிருக்கு."

"மறுபடியும் மில்லுக்கா?"

"வீட்டுல வச்சுக்கிட்டா ஊரு பேசும்னாரு. மாப்பிள்ளை பாத்தாரு, பேச்சு பரவிப்போய் ஒண்ணும் தெகையல. பெறகு நகை சேக்கணும்ல." கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க சொன்னது அம்புட்டும் நெசம் தம்பி. எனக்கு அன்னைக்கே தெரியும். தீவாளிக்கு வந்தப்ப அவ குளிச்சிட்டு வந்தா, கையில காயம் இருந்துச்சு. கேட்டேன். மெஷின்ல பட்டுச்சுன்னா."

"தெரிஞ்சா ஏன்க்கா பேசாம நின்னீங்க?"

"அவுக அண்ணன் தம்பிக முன்னாடி நான் என்ன பேச? பேசுனா எனக்கும் சேத்துல்ல விழுகும்."

பேருந்துகள் ஹார்ன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தன. அவள் போய்விடுவாள் என்று நினைத்தான். போகவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும். அன்னைக்கு இவரு போன் போட்டாருல்ல, வார்டன் போயி அவளக் கதவச் சாத்திட்டு அடிச்சிருக்கா. 'நீ மேஜிக்காரன்கிட்டச் சொன்னது எங்களுக்கு வந்துருச்சுடி'ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சிருக்கா. நீங்கதான் அங்கயே போயி வார்டன்கிட்டச் சொல்லிட்டீங்கன்னு நெனைக்கிறா. இன்னைக்கு வரைக்கும் உங்களத்தான் திட்டுறா. சிரிச்சுக்கிட்டே கழுத்தறுத்துட்டான்ங்கிறா."

"நான் அகரத்துக்கு வந்தது அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நாங்க சொல்லல."

"ஏன்க்கா? உங்க புருஷன்தான் போன் போட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பெத்த அப்பன் காட்டிக் குடுத்தான்னு நான் எப்படித் தம்பி அவகிட்டச் சொல்லுவேன்? அவளுக்குன்னு வேற யாரு இருக்கா? நீங்க அந்நியரு. உங்கள வெறுத்தா அவளுக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிராது."

அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "எனக்குக் கொறயுதே! என் தொழில் போச்சு, எம் பொண்டாட்டி என்னைய வேற மாதிரி பாக்குறா. அந்தப் புள்ளயாவது உண்மையத் தெரிஞ்சுக்கட்டும். அவங்க நம்பரக் குடுங்க, நானே பேசுறேன்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சண்முகவள்ளி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வேணாம் தம்பி. திரும்ப நீங்க பேசுனது தெரிஞ்சா இந்தத் தடவ கொன்னே போட்டுருவாரு. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், அவள விட்டுருங்க." கண்ணைத் துடைத்தாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்கு மனசு கேக்கலன்னுதான் சொல்ல வந்தேன்."

"இப்பச் சொல்லி என்னக்கா?"

தாடிக்கொம்பு வழியாகப் போகும் பேருந்து வந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் அவன் இருந்த திசையில் திரும்பவில்லை. மனதில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டாள். அவள் வேலை முடிந்தது. அவன் தலையில் அது ஏறியிருந்தது.

போன் அடித்தது. ஒட்டன்சத்திரத்து வீட்டுக்காரர்.

"ஏனுங்க, குழந்தைங்க எல்லாம் வந்துட்டாங்க. கெளம்பிட்டீங்களா?"

"கெளம்பிட்டேங்க. பஸ்ஸுலதான் இருக்கேன்."

"சந்தோசம்ங்க. நல்லாச் சிரிக்க வைக்கோணும், பாத்துக்குங்க."

"சரிங்க," என்றான். ஒட்டன்சத்திரம் பேருந்து ஒன்று அவன் எதிரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அடுத்த பேருந்தில் ஏறினானா என்று கேட்டால், ஏறினான். வேறு என்ன செய்வான்.