இரவல் ஜெனரேட்டர்

ஜெயலெட்சுமி கயிற்றை இழுத்த இழுப்பில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. சீராக ஓடத் தொடங்கியதும் வீட்டுக்குள் ஓடி, சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டரின் முன் நின்றாள். சார்ஜ் ஏறுவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். வெளியே ஜெனரேட்டர் திணறி முனகியது. மறுபடி ‘டக்’. பச்சை விளக்கு அணைந்தது. ஜெனரேட்டர் ஒன்றுமே நடக்காதது போலப் பழையபடி ஓடியது.

“விட்டுடுச்சா?” கட்டிலிலிருந்து சுகுமாரன் கேட்டார்.

“விட்டுடுச்சு. பிடிக்குது, விடுது. காலையிலேருந்து இதே கதைதான்.”

தண்ணீர்மலைக்கு மேலே, சரிவில் இருந்த அந்தத் தோட்ட வீட்டுக்கு மின்கம்பி வந்ததே இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றதும் சுகுமாரன் ஜெலுத்தோங் அடுக்குமாடியை விட்டுவிட்டு மனைவியோடு மேலே வந்துவிட்டார். கூரையில் சூரியத் தகடுகள், அறையில் பேட்டரியும் இன்வெர்ட்டரும், வெயில் இல்லாத நாளுக்கு ஒரு ஜெனரேட்டர். எல்லாம் அவரே பார்த்துப் பார்த்து அமைத்தது. இப்போது ஒரு வாரமாக மழை மூட்டம். சொந்த ஜெனரேட்டர் பழுதாகிப் பட்டறையில் கிடந்தது. இது கீழ்த்தோட்டத்து நூர் முகம்மது இரவலாகக் கொடுத்தது.

நுரையீரலுக்கு இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் சுகுமாரன் வேறெதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகணும் என்றார். ஆக்சிஜன் மிஷின் அவரோடு மலையேறியது. அதை ஜெனரேட்டரிலேயே நேராக மாட்டி ஓட்டலாம்தான். ஆனால் ராப்பகலாக ஓடினால் ஜெனரேட்டர் கொதித்துப்போகும். பேட்டரி ஏறினால்தான் இரவைத் தாண்ட முடியும். காலையில் அவரைச் சின்ன சிலிண்டருக்கு மாற்றிவிட்டுத்தான் ஜெயலெட்சுமி இந்த வேலையில் இறங்கியிருந்தாள்.

கைபேசி அடித்தது. செபராங் ஜெயாவிலிருந்து மகன் கிஷன். ஸ்பீக்கரில் போட்டாள்.

“மா, பேட்டரி எப்படி இருக்கு?”

“செவப்புல நிக்குது.”

“டெக்னீஷியன் நாளைக்குத்தான் வர முடியுமாம். பேசாம அப்பாவ ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிடலாம் மா. நாலு பேரக் கூட்டிட்டு ஸ்ட்ரெச்சரோட வரேன்.”

“இரு, பாத்துட்டுச் சொல்றேன்.”

“நீங்க என்ன மா பாக்கப் போறீங்க?”

அவள் கைபேசியை வைத்துவிட்டாள்.

“அங்க போனா சீலிங்கப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்,” என்றார் சுகுமாரன்.

“இங்க மட்டும் என்னத்தப் பாக்குறீங்களாம்?”

“ஒன்னத்தான்.”

“போதும்லா. மூச்ச மிச்சம் பிடிங்க.”

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பல வருஷம் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்த்தவள் அவள். ஆனாலும் இந்தச் சாமான்கள் அவருடையவை என்று இதுவரை கை வைத்ததில்லை. அவர் துடைப்பார், திருகுவார், அதனோடு பேசுவார். “ஒங்க சின்ன வீடு” என்று இவள் கேலி செய்வாள்.

“ஸ்பார்க் பிளக் அழுக்கா இருக்கும்,” என்றார்.

கழற்றித் துடைத்து மாட்டினாள். அதே ‘டக்’, அதே முனகல்.

“பெட்ரோல்ல தண்ணி எறங்கியிருக்கும்.”

வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினாள். அதேதான்.

“அப்ப எங்கயோ ஒயர் லூசு.”

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு திருகாக இறுக்கினாள். அதற்கும் மாற்றமில்லை. ஜெனரேட்டர் பக்கத்திலேயே குந்தி யோசித்தாள். பிறகு மேசை விசிறியைக் கொண்டுவந்து அதில் நேரே மாட்டினாள். விசிறி ஜோராகச் சுற்றியது. சோற்றுக் குக்கரையும் மாட்டினாள். அதுவும் சூடேறியது. அப்படியென்றால் ஜெனரேட்டர் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இரண்டையும் கழற்றிவிட்டு வோல்ட் மீட்டரை வைத்தாள். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இன்வெர்ட்டர் பிடித்த நொடியில் சரசரவென்று கீழே இறங்கியது.

அவள் எழுந்து உள்ளே வந்தாள்.

“ஏங்க, நம்ம ஜெனரேட்டர் இதவிடப் பெருசுதானே?”

“ரெண்டு மடங்கு இருக்கும். ஏன்?”

“இன்வெர்ட்டருக்கு ஆளு மாறுனது தெரியல. அதுகிட்ட இழுத்த அளவு இதுகிட்டயும் இழுக்குது. இது சின்னது, முடியல. வோல்ட் எறங்குது. எறங்குனதும் கழட்டி விட்டுடுது.”

சுகுமாரன் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. அவள் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சார்ஜிங் கரண்ட அறுபதுல வச்சது நாந்தான். மறந்தே போச்சு. இருபதுக்கு எறக்கு. நடு பட்டன அமுக்கிப் பிடி.”

அமுக்கிப் பிடித்தாள். எண்கள் மினுங்கின. அறுபது, ஐம்பது, நாற்பது என்று இறக்கி இருபதில் நிறுத்தினாள். ‘டக்’. வெளியே ஜெனரேட்டரின் குரல் சற்றே தாழ்ந்தது. தாழ்ந்த இடத்திலேயே நின்று ஓடியது. பச்சை விளக்கு அணையவில்லை.

“நிக்குதா?”

“நிக்குது.”

“மெதுவாத்தான் ஏறும்.”

“ஏறட்டும். நமக்கு என்ன அவசரம்?”

கிஷனைக் கூப்பிட்டு, “ஸ்ட்ரெச்சர் வேணாம், நீ மட்டும் வா” என்றாள். சிலிண்டரை மூடிவிட்டுக் குழாயைத் திரும்ப மிஷினில் மாட்டினாள். அது உஸ்ஸென்று தன் வேலையைத் தொடங்கியது. சுகுமாரன் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“எனக்கப்புறம் இதையெல்லாம் யாரு பாத்துக்குவாங்க, ஒன்னால இங்க இருக்க முடியாதேன்னு நெனச்சுட்டே இருந்தேன். கிஷன் வீட்டுக்குத்தான் போவணும்போலன்னு.”

“நான் எங்கயும் போவல.”

“ம்,” என்றார். அந்த ‘ம்’மில் நிறைய நாள் சுமந்ததைக் கீழே வைத்தது போலிருந்தது. இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார். ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொன்னார். கீழே நகரம் மூட்டத்துக்குள் மறைந்திருந்தது, துறைமுகத்தில் ஒரு கப்பல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே கண்ணயர்ந்தார்.

ஜெயலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்தாள். தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். அவருடைய மூச்சு நீண்டு, நின்று, மறுபடி வந்தது. அவள் நிமிர்ந்து பார்ப்பாள், குனிந்துகொள்வாள். ஒரு முறை நிமிர்ந்தவள் குனியவில்லை. கையில் இருந்த தண்டோடு காத்திருந்தாள். அடுத்த மூச்சு வரவில்லை. மிஷின் மட்டும் உஸ்ஸென்று காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது.

குழாயை மூக்கிலிருந்து மெல்ல எடுத்தாள். கன்னத்தில் அது பதிந்திருந்த தடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். பிறகு மிஷினை அணைத்தாள். முகம் நன்றாகத்தான் இருந்தது, பிற்பகல் தூக்கத்தில் இருப்பவர் முகம்.

மழையில் நனைந்து வந்த கிஷன் வாசற்படியிலேயே புரிந்துகொண்டான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றபடியே அழுதான். அவள் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

“கஷ்டப்பட்டாரா மா?”

“இல்லப்பா. சிரிச்சாரு.”

கொஞ்ச நேரம் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். பிறகு தெரிந்தவர்களுக்குக் கைபேசியில் சொல்லிவிட்டு, வெளியே ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் பக்கம் தலையைத் திருப்பினான்.

“அத ஆஃப் பண்ணிடவா மா?”

“வேணாம், ஓடட்டும். ஆளுங்க வருவாங்க. லைட் வேணும்.”

அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்தாள். கொதித்ததும் தேயிலையைப் போட்டு மூடினாள். கீழே வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் முதல் கியரில் மலையேறும் சத்தம் கேட்டது. ஜெயலெட்சுமி அலமாரியிலிருந்து இன்னொரு குவளையை எடுத்து வைத்தாள்.