தெயோடுலோவின் பின்னால் நடந்த சீல் மெஷின்

மணிலாவில் கல்லறைக் கல்லில் பெயர் வெட்டிப் பிழைத்துவந்த தெயோடுலோ மகராயிக்கின் பின்னால், ஈஸ்டர் ஞாயிறு முடிந்த மறுநாளிலிருந்து, காகிதத்தில் முத்திரை அழுத்தும் ஒன்பது கிலோ சீல் மெஷின் ஒன்று நடந்து வரத் தொடங்கியது. அதற்கு நான்கு இரும்புக் கால்கள், வாயில் பிறப்புப் பதிவு அலுவலகத்தின் பெயரில் ஒரு கள்ள முத்திரை. மீன் விலை கிலோவுக்கு இருபது பெசோ ஏறிய வாரம் அது. தெருவில் யாரும் மெஷினைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி லிகாயா இரண்டு முறை அதைப் பாசிக் ஆற்றில் தள்ளினாள். இரண்டு முறையும் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

கள்ள முத்திரைக் கருவி வைத்திருந்தாலே சிறை. பயந்துபோன தெயோடுலோ தானே காவல் நிலையத்துக்குப் போய் அதை ஒப்படைத்தார். அத்தோடு வந்திருக்கலாம். சீல் இல்லாத காகிதத்தை எங்கள் ஊரில் நாய்கூட மோந்து பார்க்காது என்பதால், மனுஷன் ரசீது கேட்டார்.

"ஒப்படைச்சதுக்கு ஒரு சீட்டு குடுங்க சார். சீல் வெச்சு."

"எங்க சீல் ரிப்பேருக்குப் போயி எட்டு மாசமாச்சு பெரியவரே," என்ற சார்ஜென்ட் பல்கோஸ், எழுதிய ரசீதை அந்த மெஷினின் வாயிலேயே கொடுத்து அழுத்தி நீட்டினார். பிறகுதான் முத்திரையைப் படித்தார். கள்ளச் சீட்டு தெயோடுலோவின் கையில், கருவி காலடியில். உடனே விலங்கு மாட்டினார்.

விசாரணைக்குக் காத்து ஏழு மாதம் உள்ளே இருந்தார். மெஷினைச் சாட்சிப்பொருள் அறையில் பூட்டினால், காலையில் அவர் பாயோரம் கிடக்கும். சலித்துப்போன சிறைக்காரர்கள் அதையும் பதிவேட்டில் ஏற்றித் தினமும் ஒரு தட்டு சோறு வைத்தார்கள்.

"பன்னெண்டு வருஷம்னு சொல்றாங்க லிகாயா. என் கல்ல நானே வெட்டிக்கக்கூட நேரமிருக்காது."

"வாய மூடு," என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

இலவச வக்கீல் பினெடா சின்னப் பெண், ஆனால் விடாக்கண்டி. தெயோடுலோ அதை வைத்திருக்கவில்லை, அதுவாகத் தொடர்கிறது என்று கோர்ட்டில் வாதாடினாள். ஏமாற்றும் எண்ணம் இருந்தால் யாராவது போலீஸிடம் கொண்டுபோவார்களா என்றாள். அதில் அடித்த ஒரே கள்ளச் சீட்டு சார்ஜென்ட் அடித்தது என்றதும் பல்கோஸ் கூரையைப் பார்த்தார்.

அரசு வக்கீல் எழுந்தார். "எண்ணமெல்லாம் எதுக்கு யுவர் ஆனர்? காலடியில கெடந்தா கையில இருக்கற மாதிரிதான்."

அப்போது மெஷின் எழுந்தது. டக் டக்கென்று மூன்று படி ஏறி, நீதிபதி வில்லரோயலின் காலடியில் படுத்தது.

"இப்ப யாரு மேல கேஸ் போடறது, யுவர் ஆனர்?" என்றாள் பினெடா.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தெயோடுலோ விடுதலையானார். வீட்டுக்குப் போகும் ஜீப்னி வண்டியில் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். லிகாயா அவர் தாடையைப் பிடித்து முன்னால் திருப்பினாள். இருவரும் சிரித்தார்கள், கொஞ்சம் அழவும் செய்தார்கள்.

மெஷின் இப்போது நீதிபதியோடுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் பின்னால் வருகிறது. அதே சட்டம்தான் இன்றும் அமலில் உள்ளது. சார்ஜென்ட் பல்கோஸ் முதலில் நீதிபதிக்கு சல்யூட் அடிக்கிறார், பிறகு வண்டிகளை நிறுத்தி மெஷினைப் பத்திரமாகச் சாலை தாண்ட வைக்கிறார்.